நாரைக்கு ஏரி மட்டும் போதாது: பறவைப் பாதுகாப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

மார்ச் 20 சிட்டுக்குருவி தினம். அன்று விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்துவிடும்: செல்போன் டவரால் குருவி இனமே அழிந்துவிட்டது, மொட்டை மாடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள், பறவைகளைக் காப்பாற்றுங்கள். கிண்ணம் வைப்பதில் தப்பில்லை, கோடையில் நானும் வைக்கிறேன். ஆனால் 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வேறு மாதிரி சொல்கிறது. நாடு முழுக்கப் பார்த்தால் 25 ஆண்டுகளுக்கு மேலாகக் குருவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது. டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. குருவி தானியம் தின்னும் பறவை என்றாலும் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். கண்ணாடிச் சுவர் வைத்த அடுக்குமாடியில் கூடு வைக்கப் பொந்தும் இல்லை, சிமென்ட் பூசிய முற்றத்தில் பூச்சியும் இல்லை.

பறவைப் பாதுகாப்பு என்று நாம் பேசுவது பெரும்பாலும் இப்படித்தான் ஒரு கிண்ணத்திலோ ஒரு மரக்கன்றிலோ ஒரு சரணாலயப் பலகையிலோ நின்றுவிடுகிறது. துப்பாக்கியோடு வருகிறவனைத் தடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பும் உண்டு. உண்மையில் என்ன வேலை நடக்கிறது, அதில் ஊர்க்காரர்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய பங்கு என்பதை, நமக்குப் பழக்கமான ஏரிகளையும் நாரைகளையும் வைத்தே பார்க்கலாம்.

கல்யாண மண்டபமும் ஏரியும்

முகூர்த்த நாளில் ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். அவர்கள் சாப்பிடும் அரிசியும் காய்கறியும் மண்டபத்துக்குள்ளா விளைந்தன? அரிசி மண்டியிலிருந்தும் சந்தையிலிருந்தும் வந்தன. மண்டபம் தருவது கூரை, தண்ணீர், பாதுகாப்பு, கொஞ்சம் இடம். முகூர்த்தத்தன்று காலையில் போர் மோட்டார் பழுதானால் கல்யாணமே சந்தி சிரித்துவிடும். அதனால் வெள்ளையடிப்பதும் குழாய் பார்ப்பதும் ஆடி மாதத்தில், யாருமே வராதபோது நடக்கும்.

வேடந்தாங்கல் அப்படி ஒரு மண்டபம். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் அந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான், அதாவது 75 ஏக்கர் சுமார். நல்ல மழை பெய்த ஆண்டில் பல்லாயிரம் பறவைகள் வந்து அங்கே கூடு கட்டுகின்றன. நத்தைக்குத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் ஒரே மரத்தில் மாடி மாடியாக உட்கார்ந்திருக்கும். இப்படிப் பல இனங்கள் சேர்ந்து கூட்டமாகக் கூடு வைக்கும் இடத்தை இந்தக் கட்டுரையில் ‘பறவைக் குடியிருப்பு’ என்று சொல்கிறேன். இத்தனை வாய்க்கும் சோறு போட 75 ஏக்கர் ஏரியால் முடியாது. பெற்றோர்ப் பறவைகள் விடிந்ததும் கிளம்பிச் சுற்றுவட்டாரத்து வயல்களுக்கும் மற்ற ஏரிகளுக்கும் போகின்றன. இரையை விழுங்கிக்கொண்டு வந்து கூட்டில் கக்கி ஊட்டுகின்றன. நாளெல்லாம் இதே வேலை.

ஆகவே ‘வாழிடம்’ என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பறவை உயிர் வாழவும் குஞ்சு பொரிக்கவும் வேண்டிய இரை, தண்ணீர், கூடு வைக்க இடம், தொந்தரவில்லாத தூக்கம் எல்லாம் எங்கெங்கே கிடைக்கின்றனவோ, அந்த இடங்கள் மொத்தமும்தான் அதன் வாழிடம். அந்த இடங்களில் தண்ணீர், மரம், மண், ஆள் நடமாட்டம் ஆகியவற்றைப் பறவையின் தேவைக்கு ஏற்றபடி, வேண்டிய மாதத்தில் வேண்டிய அளவில் வைத்திருக்கும் வேலைக்கு வாழிட மேலாண்மை என்று பெயர். வேலிக்குள் இருப்பது வாழிடத்தில் ஒரு துண்டுதான்.

‘வெளிநாட்டுப் பறவை’ என்ற குழப்பம்

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டு மேலே போகலாம். ‘ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து வேடந்தாங்கலில் முட்டையிடும் பறவைகள்’ என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். அங்கே கூடு கட்டும் நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் நம் நாட்டுப் பறவைகள்தான். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து ஊர் ஊராக இடம் மாறுமே தவிர, வேறு கண்டத்திலிருந்து வருபவை அல்ல.

வெளியிலிருந்து வருபவையும் உண்டு. குளிர்காலத்தைக் கழிக்க நெடுந்தூரம் பறந்து வந்து, காலம் மாறியதும் திரும்பிப் போகும் இந்தப் பயணத்துக்கு வலசை என்று பெயர். திபெத், மங்கோலியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து, வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, கிளுவை, பல வகை உள்ளான்கள் இந்தக் கூட்டம். இவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. தின்று கொழுத்துத் தெம்பேற்றிக்கொண்டு போவதற்காக மட்டும் வருகின்றன.

பெயர் சரியா தப்பா என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் தேவை வேறு. கூடு கட்டுபவைக்குத் தண்ணீருக்கு நடுவே மரம் வேண்டும். வாத்துக்கும் உள்ளானுக்கும் மரமே இல்லாத திறந்த நீர்ப்பரப்பும், சேறும், எதிரி வருவது தூரத்திலேயே தெரியும் வெட்ட வெளியும் வேண்டும். வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகளே பிரதானம். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரிக்கிலியில் வாத்தும் உள்ளானும் அதிகம். இரண்டும் ஏரி, இரண்டும் சரணாலயம், ஆனால் ஒன்றில் செய்வதை அப்படியே மற்றதில் செய்தால் கெட்டது குடி. ‘பறவைகளுக்காக’ ஓர் ஏரி முழுவதும் மரக்கன்று நட்டால் வாத்துகளைத் துரத்திவிட்டதாகத்தான் அர்த்தம். புல்வெளியும் அப்படித்தான். மேய்ச்சல் காட்டையும் பொட்டல் காட்டையும் ‘தரிசு’ என்று பெயர் வைத்து மரம் நட்டு நிரப்பினால், அங்கே தரையில் முட்டையிடும் வானம்பாடியும் கௌதாரியும் எங்கே போகும்?

சுருக்கமாகச் சொன்னால், இதுவரை பார்த்தது இரண்டே செய்தி. பறவையின் வாழிடம் கூடு இருக்கும் இடத்தைவிடப் பல மடங்கு பெரியது. எந்தப் பறவைக்காக என்று முடிவு செய்யாமல் ‘பறவைகளுக்கு நல்லது’ என்று பொதுவாக எதையும் செய்துவிட முடியாது.

தண்ணீர்க் கணக்கு

சரி, பறவைக் குடியிருப்பு எப்படி இயங்குகிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரு நாட்காட்டி போதும்.

நாரைகள் தண்ணீருக்கு நடுவில் இருக்கும் மரங்களைத் தேர்ந்தெடுப்பது காவலுக்காக. கீழே தண்ணீர் நின்றால் பூனை, கீரி, நாய், நரி எதுவும் மரத்தடிக்கு வராது. அகழி வெட்டிக் கோட்டை கட்டிய அரசர்களின் யோசனைதான். அகழி வற்றினால் கோட்டைக்கு மதிப்பில்லை. ஏரி பாதியில் வற்றிவிட்டால் குஞ்சுகளை அப்படியே விட்டுவிட்டுப் பறவைகள் போய்விடுவதும் உண்டு.

அப்படியென்றால் எத்தனை நாள் தண்ணீர் நிற்க வேண்டும்? முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு இறக்கை முளைத்துப் பறக்கும் வரை நத்தைக்குத்தி நாரைக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். சங்குவளை நாரைக்கு மூன்று மாதம். கூழைக்கடாவுக்கு நான்கு மாதமும் ஆகலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஏரி நிரம்பிப் பறவைகள் வந்து கூடு கட்டி முடிக்கவே நவம்பர், டிசம்பர் ஆகிவிடும். டிசம்பர் கடைசியில் முட்டையிட்ட கூழைக்கடாவின் குஞ்சு பறக்க ஏப்ரல் ஆகிவிடும். அதாவது பொங்கலுக்கு அப்புறமும் மூன்று மாதம் மரத்தடியில் தண்ணீர் நின்றாக வேண்டும்.

ஆனால் அதே தை, மாசியில்தான் ஏரிப் பாசனத்து விவசாயிக்கும் தண்ணீர் வேண்டும். மடையைத் திறந்தால் அவருடைய நெல் பிழைக்கும், மூடினால் குஞ்சு பிழைக்கும். சரணாலயத்தில் வைத்திருக்கும் எந்த அறிவிப்புப் பலகையிலும் இந்தச் சிக்கல் எழுதியிருக்காது. ஆனால் தமிழ்நாட்டு ஏரிகளில் பறவைப் பாதுகாப்பின் மையமே இதுதான் என்பது என் எண்ணம். ஏரிக்கு ஒரே ஒரு முதலாளி கிடையாது. மடையும், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலங்கலும் நீர்வளத் துறையின் பொறுப்பு. உள்ளே நிற்கும் கருவேல மரங்கள் பல இடங்களில் வனத்துறை நட்டவை. மீன்பாசி குத்தகையை எடுத்தவர் வேறொருவர். ஆடு மாடு மேய்ப்பவர்களுக்குக் காலங்காலமான பழக்க உரிமை. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது, மடை திறந்து முறை வைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளருக்குத்தான் தெரியும். இவர்களில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் கணக்கு தப்பும்.

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயை ஒழுங்காக வைத்திருந்தால் இந்தச் சண்டை பாதி குறையும். மழைக்காலத்தில் ஏரி முழுதாக நிரம்பிவிட்டால் பாசனத்துக்குப் போக மரத்தடிக்கும் மிஞ்சும். கால்வாய் தூர்ந்துபோய், ஏரி பாதிதான் நிரம்பியது என்றால் ஒருவர் வாயில் மண். ஏரியில் தண்ணீர் இல்லை என்று மழையைக் குறை சொல்வதற்கு முன், ஒரு நடை கால்வாய் வழியே போய்ப் பார்ப்பது நல்லது.

தூர் வாருவது, மரம் நடுவது: நல்ல எண்ணம் மட்டும் போதாது

எனக்குத் தெரிந்த ஓர் ஏரியைச் சில ஆண்டுகளுக்கு முன் தூர் வாரினார்கள். எண்ணத்தில் குறை இல்லை. ஆனால் பொக்லைன் ஓட்டுபவருக்கு இட்ட வேலை ‘மண்ணை எடு’ என்பது மட்டும். கரையை ஒட்டியே ஆள் உயரத்துக்குச் செங்குத்தாகத் தோண்டி எடுத்தார்கள். அந்த மழைக்கு ஏரி நீச்சல்குளம் போல நிரம்பியது, ஊரே வந்து செல்ஃபி எடுத்தது. முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் வந்தன. கொக்கும் நாரையும் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. அவை நீந்தத் தெரியாத மீனவர்கள் மாதிரி; காலூன்றி நின்று பிடிக்க முழங்கால் தண்ணீர் வேண்டும்.

நல்ல பறவை ஏரி சமையல் கிண்ணம் போல ஒரே ஆழமாக இருக்காது, தாம்பாளத் தட்டு போல ஓரத்தில் சரிந்து இறங்கும். உள்ளானுக்குச் சேறு, கொக்குக்குக் கணுக்கால் தண்ணீர், நாரைக்கு முழங்கால் தண்ணீர், கூழைக்கடாவுக்கு நீந்தும் ஆழம் என்று ஒரே ஏரியில் பல படிகள் வேண்டும். தண்ணீர் வற்ற வற்ற இந்தப் படிகள் உள்ளே நகரும். மீன்கள் சின்ன இடத்தில் நெருக்கியடிக்கும். குஞ்சுக்குத் தீனி அதிகம் தேவைப்படும் நேரத்தில் பிடிக்க எளிதாக இருக்கும். ஆகவே தூர் வாரும்போது எங்கே ஆழம், எங்கே சரிவு என்று கோடு போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். எடுத்த மண்ணைக் கொண்டு உள்ளேயே திட்டுகள் போட்டு, அதன் மேல் மரம் வளர்க்கலாம்.

எந்த மரம்? தண்ணீரில் மாதக்கணக்காக நின்றாலும் அழுகாத மரம். வேடந்தாங்கலின் பெயர் பெற்ற மரம் நீர்க்கடம்பு. கருவேலமும் தாங்கும். இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. பறவைகள் தாங்கள் கூடு கட்டிய மரத்தைத் தாங்களே கொன்றுவிடும். ஆண்டுக்கணக்காக எச்சம் படிந்து இலை கருகி, கிளை காய்ந்து, மரம் பட்டுப்போகும். இன்றைக்குக் கூடு நிறைந்திருக்கும் மரத்துக்கு மாற்று மரம் இன்றைக்கே கன்றாக இருக்க வேண்டும், ஏரி வற்றும் கோடையில் நட்டு, வேர் பிடிக்க வைத்து, அடுத்த வெள்ளத்தில் மூழ்காத உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அப்புறம் சீமைக்கருவேலம். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, தானாகப் பரவி, உள்ளூர்ச் செடிகொடிகளை ஓரங்கட்டிவிடும் இப்படிப்பட்டவற்றை அயல் படர் தாவரம் என்பார்கள். அதை வெட்ட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பல கண்மாய்களில் நாட்டு மரம் போன பிறகு நாரைகள் அதன் மேல்தான் கூடு கட்டுகின்றன. ஒரே வாரத்தில் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டால் அடுத்த பருவத்தில் பறவைக்கு உட்காரக் கிளை இருக்காது. நாட்டுக் கருவேலம் வளர வளர, பகுதி பகுதியாக, கூடு இல்லாத மாதங்களில் எடுப்பதுதான் முறை.

மொத்தத்தில் வாழிட மேலாண்மை என்பது ஆழம், மரம், மாதம் மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. செலவு செய்த பணத்தை வைத்து அதை அளக்க முடியாது.

இரை வேறொருவர் வயலில்

நத்தைக்குத்தி நாரையின் அலகை நெருங்கிப் பார்த்தால் நடுவில் பாக்குவெட்டி போல ஓர் இடைவெளி தெரியும். வயல் நத்தையைப் பிடித்து ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவி எடுப்பதில் அது கைதேர்ந்தது. உழவன் பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்குக்கு வெட்டுக்கிளியும் புழுவும். இவை எல்லாம் தனியார் பட்டா நிலத்தில் கிடைக்கும் இரை. அந்த வயலில் என்ன மருந்து அடிக்கிறார்கள், வயல் வயலாகவே இருக்கிறதா அல்லது மனைப்பிரிவாகிவிட்டதா என்பதெல்லாம் வேடந்தாங்கல் குஞ்சின் தலையெழுத்தை நிர்ணயிக்கும்.

வேடந்தாங்கலைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயமாக 1998இல் அறிவித்தபோது ஏரியோடு நிறுத்தாமல் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சேர்த்ததன் பொருள் இதுதான். 2020இல் அந்தப் பரப்பின் வெளிப்பகுதியைக் குறைக்கும் யோசனை வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ‘ஏரி அப்படியேதானே இருக்கப்போகிறது, எதற்கு இந்தக் கூச்சல்?’ என்று அப்போது பலர் கேட்டார்கள். மண்டபம் அப்படியே இருக்கும், சந்தையை மட்டும் மூடிவிடுவோம் என்பது மாதிரிதான் அது.

இரை கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஒரு கொடுமையான உதாரணம் உண்டு: பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. 1990களில் தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வெண்முதுகுப் பாறுகள் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. யாரும் சுடவில்லை. கூடு கட்டும் மரங்களும் பாறைகளும் அப்படியே இருந்தன. மாட்டுக்கு வலி நீங்கக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. காரணம் 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் பாறுகள் முதுமலை, மாயாறு பள்ளத்தாக்கு வட்டாரத்தில் இருக்கின்றன. அங்கே காடு காவலில்தான் இருக்கிறது. ஆனால் பாறு பிழைப்பது, பக்கத்துக் கிராமத்தில் மாடு வைத்திருப்பவர் வாங்கும் ஊசி மருந்தில் இருக்கிறது.

பங்காளிகள்

இங்கிருந்துதான் ‘மக்கள் பங்கேற்பு’ என்ற சொல் வருகிறது. கருத்தரங்குகளில் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்துபோன சொல். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொப்பி கொடுத்து ஊர்வலம் விடுவதை அதற்குக் கணக்குக் காட்டுகிறார்கள். நம் ஊர்ப் ‘பங்காளி’ என்ற சொல் இதைவிடப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். பங்காளிக்குச் சொத்தில் பங்கு உண்டு, செலவில் பங்கு உண்டு, சண்டை போடவும் உரிமை உண்டு.

வேடந்தாங்கல் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, இனிச் சுடக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக ஒரு கவுல், அதாவது உறுதிப் பத்திரம் வாங்கினார்கள். அவர்கள் பறவை ஆராய்ச்சியாளர்கள் அல்லர். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை விளைச்சலில் கண்டவர்கள். அரசு அதை முறையான சரணாலயமாக ஏற்றது 1936இல். இன்று அது ராம்சர் தலமும்கூட. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கு, 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கொடுக்கும் தகுதி அது. வேடந்தாங்கலுக்கு 2022இல் கிடைத்தது. ஊர்க்காரர்களின் கவுலுக்கு அப்போதே இருநூறு வயது தாண்டிவிட்டது.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடி சரணாலயம். அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தீபாவளி வருவது ஐப்பசியில், பறவைகள் வந்து கூடு கட்டத் தொடங்கும் நேரம். வெடிச் சத்தத்தில் பறவை பதறி எழுந்தால் முட்டை காகத்துக்குப் போகும். ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் இழப்பு இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பத்து வயதில் பட்டாசு இல்லாத தீபாவளி சின்ன விஷயம் இல்லை. வனத்துறை ஆண்டுதோறும் அவர்களுக்கு இனிப்பு வழங்குகிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவைகள் ஏரியோடு நிற்பதில்லை, தெருவிலும் வீட்டுக் கொல்லையிலும் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். பறவை வந்தால் அந்த ஆண்டு செழிக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. தண்ணீர் இருப்பதால்தான் பறவை வருகிறது என்று நாம் திருப்பிச் சொல்லலாம். ஆனால் கீழே விழுந்த குஞ்சை அடித்துத் தின்னாமல் எடுத்து வளர்ப்பது அந்த நம்பிக்கையால்தான்.

நம்பிக்கை எல்லா இடத்திலும் போதுமா? கர்நாடகாவின் மண்டியா மாவட்டத்தில் இருக்கும் கொக்கரெ பெள்ளூரில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள் இருக்கும் புளிய மரங்களில் கூடு வைக்கின்றன. எச்சம் பட்டால் புளி போச்சு. மரத்துக்காரருக்கு அது கைக்காசு. அதனால் கூடு இருக்கும் மரத்துக்கு இழப்பீடு என்ற ஏற்பாடு வந்தது. 2007இல் அது சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சமூகக் காப்பகம் என்றால், ஊருக்கோ தனியாருக்கோ சொந்தமான நிலத்தை, உரிமையை அரசு எடுத்துக்கொள்ளாமல், அவர்கள் சம்மதத்தோடு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிப்பது.

அசாமில் நடந்தது இன்னும் சுவாரசியம். ‘ஹர்கிலா’ என்ற பெருநாரைக்கு அசாமிய மொழியில் எலும்பு விழுங்கி என்று பொருள். பார்க்க அழகில்லை, அழுகல் தின்னும், கூட்டிலிருந்து நாற்றம் வரும். கொல்லையில் இருக்கும் உயர்ந்த மரத்தில் கூடு கட்டினால் வீட்டுக்காரர் மரத்தையே வெட்டிவிடுவார். ஆராய்ச்சி மாணவியாக இருந்த பூர்ணிமா தேவி பர்மன் 2007இல் ஒருவர் கூடோடும் குஞ்சோடும் மரத்தை வெட்டுவதைப் பார்த்துக் கேட்கப்போய், கேலிக்கு ஆளானார். சட்டத்தைக் காட்டி மிரட்டுவதை விட்டுவிட்டு, ஊர்ப் பெண்களிடம் போனார். பறவை முட்டையிடும் பருவத்தில் அதற்கு ஒரு வளைகாப்பு போலச் சடங்கு நடத்தினார்கள். நம் ஊர்ப் பெண்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும் தந்திரம். வளைகாப்பு நடந்த வீட்டில் கர்ப்பிணியை யார் துரத்துவார்கள்? துணியில் ஹர்கிலா உருவம் நெய்து விற்றார்கள், கூட்டுக்குக் கீழே வலை கட்டி விழும் குஞ்சுகளைப் பிடித்தார்கள். இன்று ‘ஹர்கிலா படை’யில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அழியும் நிலையில் உள்ளவை என்ற பட்டியலில் இருந்த அந்தப் பறவை 2023இல் ஆபத்து குறைந்த பிரிவுக்கு மாற்றப்பட்டது.

நாகாலாந்தில் பணம் நேரடியாக நடுவில் நின்றது. சைபீரியாவிலிருந்தும் வடகிழக்குச் சீனாவிலிருந்தும் தென் ஆப்பிரிக்கா வரை போகும் அமூர் வல்லூறுகள், வழியில் தோயாங் நீர்த்தேக்கத்தில் லட்சக்கணக்கில் தங்கும். 2012இல் அங்கே மீன் வலைகளைக் கட்டி அவற்றை ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் பிடித்துக் கொன்ற செய்தி வெளியானது. பங்தி உள்ளிட்ட கிராம சபைகள் தாமே தடை போட்டன. 2013இல் வேட்டை நின்றது. ஒரே ஆண்டில் இப்படி மாறியது வியப்புதான். ஆனால் அந்த மக்கள் பலர் அணைக்காக விளைநிலத்தை இழந்தவர்கள், வல்லூறு அவர்களுக்கு ஒரு பருவ வருமானம். விட்டுக்கொடுத்த வருமானத்துக்கு ஈடு வந்து சேர்ந்ததா என்ற கேள்வி அங்கே அவ்வப்போது எழுகிறது, எழத்தான் வேண்டும்.

இந்த ஊர்களில் எல்லாம் ஒன்று பொது. யாரோ ஒருவர் எதையோ விட்டுக்கொடுக்கிறார்: தண்ணீர், புளி, பட்டாசு, வேட்டை. பதிலுக்கு உரமோ, இழப்பீடோ, நெசவு வருமானமோ, ஊர்ப் பெருமையோ வருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றால் ஏற்பாடும் நாளடைவில் நின்றுவிடும்.

பலன் தெரிவது எப்படி?

‘இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் பறவைகள் வந்தன’ என்ற தலைப்புச் செய்தி அரைத் தகவல். பக்கத்து மாவட்டத்தில் எல்லா ஏரியும் வற்றிப்போனதால் இங்கே கூட்டம் அதிகமாக இருக்கலாம். நல்ல மழை பெய்து எல்லா இடத்திலும் தண்ணீர் இருந்தால் பறவைகள் பரவிப்போய், சரணாலயத்தில் எண்ணிக்கை குறைவாகவும் தெரியலாம். அதனால் வந்த தலைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல் கூடுகளை எண்ண வேண்டும். அந்தக் கூடுகளிலிருந்து எத்தனை குஞ்சுகள் பறந்து போயின என்று பார்க்க வேண்டும். அதையும் ஒரே ஏரியில் பார்க்காமல் வட்டாரம் முழுவதும், பல ஆண்டுகளுக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு ஜூன் மாதம் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல் போய் அசடு வழிந்திருக்கிறேன். கோபுரத்தின் மேல் ஏறிப் பார்த்தால் வெடித்த களிமண், எச்சம் படிந்து வெளுத்த மொட்டைக் கிளைகள், இரண்டு காகம். ‘இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?’ என்றார் சித்தப்பா. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போங்கள், காலை ஏழு மணிக்கு முன்னால் அல்லது மாலை நான்குக்குப் பின்னால், வெள்ளைச் சட்டை போடாமல். ஜூனில் போக நேர்ந்தால் கீழே ஏரிக்குள் பாருங்கள்: மண் திட்டுகளின் மேல், முள்வேலிக்குள் இடுப்புயரக் கன்றுகள் நிற்கும்.